விண்வெளிப் போரும் சத்திரத்துச் சோறும்

"கதைதானே! அதில் போய்க் கொள்கையைத் தேடுவானேன்? பொழுது போயிற்று, படித்தோம், மூடி வைத்தோம், அவ்வளவுதானே!" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கேட்பவர் தீயவர் அல்லர். பகலெல்லாம் உழைத்துக் களைத்து, இரவிலே ஒரு மணி நேரம் உள்ளத்தை உலவவிட விரும்புகிறவர். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவருக்கு நாம் கூறவேண்டிய விடையும் ஒன்று உண்டு.

கொள்கை நூலைக் கையில் எடுக்கும்போது மனிதன் விழிப்போடு இருக்கிறான். கதவைத் தாழிட்டுக்கொண்டு, தட்டுவது யார், வந்த காரியம் என்ன என்று கேட்ட பிறகே உள்ளே விடுகிறான். கதைக்கோ கதவு திறந்தே கிடக்கிறது! மன்னன் மகனே மன்னனாக வேண்டும் என்று எந்த ஆசிரியரும் நமக்குக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தவில்லை. "ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜா" என்று பாட்டி தொடங்கினாள். நாம் 'உம்' கொட்டினோம். அந்த 'உம்'மிலே ஓராயிரம் ஆண்டு அரசாட்சிக்கு ஒப்புதல் வாங்கிவிட்டார்கள்! ஆதலால், கதையைப் பற்றி வாசகன் கூறும் கருத்து வெறும் அரட்டையன்று. கதவருகே காவலுக்கு நிற்கும் அறிவு அது. காவல் உறங்கினால் உள்ளே புகுவது எதுவோ, யார் கண்டார்?

நெடுந்தொடரும் போர்க்கதையும் தமிழ் வாசகனுக்குப் புதியவை அல்ல. 1950-ஆம் ஆண்டு தொடங்கி 1954 வரை 'கல்கி' வார இதழிலே வந்தது 'பொன்னியின் செல்வன்'. அது முடிந்தபோது, இப்படித் திடீரென்று முடிக்கலாமா என்று வாசகர் பலர் மனக்குறையைத் தெரிவித்தனர். ஆசிரியர் முடிவுரை ஒன்று எழுதி, கதை மாந்தர் பிற்காலத்தில் என்ன ஆயினர் என்று எடுத்துரைக்க வேண்டியதாயிற்று. பின்னர், 'குமுதம்' இதழிலே சாண்டில்யனின் 'கடல் புறா' வந்தது. கலிங்கத்துப்பரணி போற்றும் கருணாகரத் தொண்டைமானைக் கப்பலில் ஏற்றி, கீழைக்கடலிலே போர் புரிய விட்ட கதை அது. அந்தக் கப்பலின் பெயரே கதையின் பெயர். மூன்று பாகங்கள்! வாரந்தோறும் கடைவாயிலிலே இதழுக்குக் காத்திருந்த தலைமுறை ஒன்று இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறது.

அந்தத் தலைமுறை கேட்ட கேள்விகள் என்ன? இளவரசி யாரை மணப்பாள்? தலைவன் தப்புவானா? அடுத்த வாரம் என்ன நடக்கும்? நல்ல கேள்விகள்தாம், கதை சுவையாக இருந்தது என்பதற்குச் சான்றுகள்தாம். ஆனால், அடித்தட்டிலே துடுப்பு வலித்தவன் பெயர் என்ன, கரையிலே எரிந்த குடிசை யாருடையது, இந்தப் போர் எவர் நன்மைக்காக என்று கேட்ட வாசகர் எத்தனை பேர்? கைவிரல்விட்டு எண்ணிவிடலாம்.

காலம் மாறிற்று. கடலிலே ஓடிய கப்பல் வானத்துக்குத் தாவிற்று. இன்று நம் இளைஞர் கைப்பேசியிலே படிக்கும் போர்க்கதையில் பாய்மரம் இல்லை; விண்மீன்களுக்கு இடையே கலங்கள் பாய்கின்றன. அத்தகைய தொடர்களுள் நெடியது ஒன்றைப் பற்றி, ரெட்டியார்சத்திரத்து வாசகர் கூறிய கருத்துகளையே இங்கு எடுத்துவைக்கிறோம்.

அமெரிக்க எழுத்தாளர் டேவிட் வெபர் எழுதிய ஆனர் ஹாரிங்டன் வரிசை அது. முதல் நூல் 1993-இல் வந்தது. 2018-இல் வெளிவந்தது முதன்மை வரிசையின் 14-ஆவது நூல். கிளை நூல்கள் வேறு! ஆங்கிலக் கடற்படைத் தலைவன் ஹார்ன்பிளோவர் என்னும் கற்பனை வீரனைப் படைத்து, 1937 முதல் கதை எழுதிய சி. எஸ். பாரஸ்டர் என்பாருக்கே முதல் நூலைக் காணிக்கையாக்கினார் வெபர். நெல்சன் காலத்துக் கடற்போரை அப்படியே வானில் நடத்துவது அவர் நோக்கம். அதற்காக அவர் செய்த தந்திரத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு கலத்துக்கும் மேலும் கீழும் எதுவும் துளைக்க முடியாத ஈர்ப்புவிசைத் தகடுகள் இரண்டை அமைத்தார். மேலிருந்து அடிக்க முடியாது, கீழிருந்தும் முடியாது. பக்கவாட்டில் அடிக்கலாம், அங்கேயும் தடுப்புச்சுவர் உண்டு. முன்னும் பின்னும் அடித்தால் கலம் தப்பாது. ஆகவே, பழைய மரக்கப்பல்களைப் போலவே பக்கம் திருப்பி, அணிவகுத்து நின்று, சரமாரியாக எய்துகொள்ள வேண்டியதாயிற்று! இயற்பியலை வளைத்து வரலாற்றைத் திரும்ப வரவழைத்திருக்கிறார். கற்பனையிலே இது குற்றமன்று, கெட்டிக்காரத்தனம்.

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே ரெட்டியார்சத்திரம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிய வண்டிகள் ஓயாது ஓடும் சாலை அது. அவ்வூரிலே நாமும் நண்பர்களும் கூடும் சிறு படிப்பகம் ஒன்று உண்டு. முன்பு ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்ட வழக்கத்தை இன்று வேறு வடிவில் தொடர்கிறோம். ஆங்கிலம் அறிந்த ஒருவர் ஒரு நூலைப் படித்து வந்து, ஞாயிறு மாலையில் தமிழிலே கதையைக் கூறுவார். இவ்வரிசையின் முதல் நூலைப் பதிப்பகத்தாரே விலையின்றி இணையத்திலே படிக்க விட்டிருந்தமையால், பணம் செலவிடாமலே தொடங்க முடிந்தது. கதை கேட்டவர் கருத்தை எழுத ஒரு கோடிட்ட குறிப்பேடு. கதை சொன்னவர் புகழுரை கேட்க வருபவர் அல்லர். குறுக்குக் கேள்விக்கு விடை கூற வருபவர். இது நம் படிப்பகத்தின் எழுதாத சட்டம்.

முதலில் எழுந்தது பாராட்டு. கதைத்தலைவி ஒரு பெண். மாண்டிகோர் என்னும் நாட்டின் கடற்படையிலே கலத்தலைவி. பெற்றோர் மருத்துவர், பட்டமோ பரம்பரையோ இல்லாத குடி. "பெண்ணாயிற்றே, இவள் கட்டளையிடுவதா?" என்று அந்தக் கப்பலிலே எவரும் கேட்பதில்லை, கேட்கவேண்டும் என்னும் எண்ணமே அங்கு எழுவதில்லை. கதை கேட்டுக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர், "வியப்பு கலத்திலே இல்லை, ஐயா, எவரும் வியக்கவில்லை என்பதிலேதான் இருக்கிறது" என்றார். குறிப்பேட்டிலே முதற்கருத்து அதுதான்.

இரண்டாம் நூல் நம் தோழர்களுக்கு விருந்தாயிற்று. அதிலே கிரேசன் என்று ஓர் உலகம். எந்திரமே பாவம், அறிவியலே அழிவு என்று வெறுத்து, தங்கள் மதத்தைத் தூக்கிக்கொண்டு பூமியை விட்டு ஓடிய கூட்டத்தார் போய்க் குடியேறிய இடம். போன இடத்து மண்ணிலே, நீரிலே, காற்றிலே நச்சு உலோகம்! விளைந்ததை உண்டால் சாவு. எந்திரத்தை வெறுத்து ஓடியவர் எந்திரமின்றி ஒரு நாளும் உயிர்வாழ முடியாத நிலை. வேதம் காக்கவில்லை, வடிகட்டி காத்தது! இதைக் கேட்டதும் படிப்பகத்தில் எழுந்த சிரிப்பொலி சாலை வரை கேட்டிருக்கும். அந்த உலகிலே பெண்ணுக்குச் சொத்தில்லை, வாக்கில்லை, படையிலே இடமில்லை. அங்கே ஒரு பெண் போர்க்கலத்தோடு வந்து இறங்குகிறாள். அவளால் காக்கப்பட்ட பின், பெண்ணுரிமைக்குக் கதவைத் திறக்க அந்நாட்டுத் தலைவன் துணிகிறான். இதனை எழுதிய கைக்கு நாம் நன்றி கூறத்தான் வேண்டும்.

அடுத்து வந்தவை குறைகள். உலகெங்கும் உள்ள இவ்வரிசையின் வாசகர் பலர் கூறுவதையே நம்மவரும் கூறினர். நூல் வளர வளரப் பருமன் ஏறிற்று, விறுவிறுப்பு இறங்கிற்று. ஏவுகணைகளின் எண்ணிக்கை, எடை, வேகம், தொலைவு எனப் பக்கம் பக்கமாகக் கணக்கு. அதை விட்டால், அறையிலே அமர்ந்து அதிகாரிகள் ஓயாது உரையாடுகிறார்கள். தலைவியோ தவறே செய்யாதவள் ஆகிவிட்டாள். "குறையே இல்லாதவரைக் கோயிலிலேதான் வைப்பார்கள், கதையிலே வைத்தால் தூக்கம் வருகிறது" என்று எழுதினார் ஒரு தோழர். ஏவுகணைக் கணக்குத்தான் தமக்கு இன்பம் என்று கூறி, அதற்கென்றே தனி ஏடு வைத்துக் குறித்துவந்தவரும் இருந்தார். சுவை பலவிதம், சண்டை இல்லை.

அண்ணன் எல்லையிலே படைவீரராக இருக்கும் பெண் ஒருவர் கேட்ட கேள்வி அந்த மாலையை அமைதியாக்கிற்று. "ஒரு பத்தியிலே ஐயாயிரம் பேர் இறந்துவிடுகிறார்கள். அடுத்த பத்தியிலே தலைவி தேநீர் வேண்டாம், கோகோ வேண்டும் என்கிறாள். அந்த ஐயாயிரம் வீட்டுக்கும் செய்தி கொண்டுபோனவர் யார்?" என்றார் அவர். வெபர் இதிலே முழுக் குற்றவாளி அல்லர். சாகப்போகும் சிற்றதிகாரிக்கும் ஒரு பெயர், ஒரு நினைவு, ஓர் அச்சம் கொடுத்துவிட்டுத்தான் பல இடங்களிலே சாகடிக்கிறார். ஆயினும், கலங்கள் நூறு நூறாகப் பெருகிய பின், பெயர்கள் மறைந்து எண்கள் நின்றன. போர்க்கதை நீளுகையில் நேரும் நோய் இது. நாள்தோறும் தொலைக்காட்சியிலே உண்மைப் போரைத் தொடர்கதை போலப் பார்த்துப் பழகும் நமக்கும் அந்த நோய் தொற்றிக்கொள்ளும். அந்தப் பெண்ணின் கேள்வி அதற்கு மருந்து.

இனி, உண்மையான வழக்குக்கு வருவோம்.

இக்கதையில் மாண்டிகோரின் பகைநாடு ஹேவன். புகலிடம் என்பது அச்சொல்லின் பொருள். பெரிய மக்கள் குடியரசு. ஆனால் போர்வெறி கொண்டது. ஏன்? ஆசிரியர் காட்டும் காரணம் இது: அந்நாட்டு அரசு மக்களுக்கு அடிப்படை வாழ்க்கைப் படி கொடுக்கிறது. உழைக்காமலே உண்டு பழகிய மக்கள் படியைக் கூட்டு, இன்னும் கூட்டு என்கிறார்கள். கருவூலம் காலி. படியைக் குறைத்தால் கலகம். ஆகவே அண்டை உலகங்களை அடித்துப் பிடித்து, அந்தக் கொள்ளையிலே சொந்த மக்களுக்குச் சோறு போடுகிறார்கள்! எதிரே நிற்கும் மாண்டிகோர் எப்படிப்பட்டது? முடிமன்னர் ஆட்சி. அரசி உண்டு, கோமக்கள் உண்டு, பிறப்பால் உறுப்பினராகும் மேலவை உண்டு. அதுதான் நேர்மை நாடு, நிறைவு நாடு! சோறு போட்ட குடியரசு கொள்ளைக்கூட்டம். முடி சூட்டிய குடும்பம் உரிமைக் காவலர்!

இதைக் கேட்டதும் துள்ளி எழுந்தார் ஓர் இளைஞர். ரெட்டியார்சத்திரத்துக் காய்கறி மகத்துவ மையத்தில் குழித்தட்டு நாற்று வளர்க்கும் பணி பழகியவர். ஏவுகணைக் கணக்கு ஏடு வைத்திருந்தவரும் அவரே. "நம் நாடும் இப்படித்தானே கெட்டது, ஐயா! இலவசம், இலவசம் என்று கொடுத்தே மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவிலே உட்கார்ந்துகொண்டு நம் ஊரையே எழுதியிருக்கிறார் இவர்!" என்றார்.

படிப்பகத்தில் இருந்தோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவ்விளைஞரின் தாயார் அரசுப் பள்ளியிலே சத்துணவுச் சமையலர். அந்த உலையிலே வெந்த சோற்றை உண்டு படித்து வளர்ந்தவர்தாம் அவர். கதை எத்துணை வலியது, பார்த்தீர்களா! தாய் இட்ட தட்டையே மகன் தள்ளிவைக்கும்படி, எவர் மனமும் நோகாமல், சுவை குன்றாமல், சொல்லிக்கொடுத்துவிட்டது.

கல்லூரி மாணவி மெல்லக் கேட்டார்: "அண்ணே, சத்துணவு சாப்பிட்டதற்காகத் தமிழ்நாடு யார்மேல் படையெடுத்தது? கேரளத்தின்மேலா, கருநாடகத்தின்மேலா?"

எல்லாரும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. சற்று நேரம் எண்ணிவிட்டு, "பிள்ளைகளுக்குச் சோறு போடுவதை நான் சொல்லவில்லை, தங்கச்சி. உழைக்கிற வயதுக்காரனுக்கு வேலை கொடுக்காமல், கொஞ்சம் படியை மட்டும் கொடுத்து வாயை அடைத்துவிட்டு, ஆளுகிறவன் வழிவழியாக ஆண்டுகொண்டே இருந்தால், அது சரியா?" என்றார். அதுவும் நல்ல கேள்வி, நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறாமல் கைதட்டி அனுப்பிவிடுவது பகுத்தறிவாகாது.

ஆகவே நம் நாட்டுக் கணக்கைப் பார்த்தோம். 1920-ஆம் ஆண்டு, தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலே ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளிக்க முற்பட்டது. 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை நாடெங்கும் விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக்கினார். 1989-இல் கலைஞர் முட்டையைச் சேர்த்தார். 2022-இல் தொடக்கப்பள்ளிகளிலே காலை உணவும் வந்தது. கட்சி மாறிற்று, ஆட்சி மாறிற்று, அடுப்பு அணையவில்லை. விளைவு என்ன? நாடு திவாலாகி நாலு திசையும் படை கிளம்பிற்றா? இல்லை. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையிலே இந்திய மாநிலங்களுள் தமிழ்நாடு முதலிடம் பெற்றது. 2021-22-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உயர்கல்விக்குச் செல்லும் வயதினருள் அக்கல்வியிற் சேர்ந்தோர் இந்திய அளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 47 விழுக்காடு. சோறு சோம்பலை வளர்க்கவில்லை. பள்ளிக்கு வழியைக் காட்டிற்று.

இன்னுமொன்று. நம் ஊர்ப் பெயரிலேயே விடை ஒளிந்திருக்கிறது. சத்திரம் என்றால் என்ன? வழிநடையருக்கு உண்ணச் சோறும் உறங்க இடமும் தந்த கட்டடம். பழனிச் சாலையிலே ரெட்டியார்சத்திரம், அடுத்து ஒட்டன்சத்திரம் என்று ஊர்ப் பெயரே சோற்றை நினைவூட்டுகிறது. அன்று அது அறம். கொடுப்பவன் உயர்ந்தவன், வாங்குபவன் தாழ்ந்தவன். பந்தியிலும் சாதி பார்த்துத் தனித்தனி இலை போட்ட சத்திரங்கள் நாட்டிலே எத்தனையோ! பள்ளிக்கூடத்துத் தட்டு அந்த முறையை மாற்றிற்று. எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே உலைச் சோற்றை, உரிமையோடு உண்டன. சத்திரத்துச் சோறு இரக்கம், சத்துணவு உரிமை. இரண்டுக்கும் உள்ள தொலைவு, மாண்டிகோருக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைவிடப் பெரிது!

அடுத்த ஞாயிறு அவ்விளைஞர் மீண்டும் வந்தார். நாம் கூறியவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டு வரவில்லை. நூலை மறுமுறை புரட்டிவிட்டு வந்தார். அவர் கண்டுபிடித்து வந்தது நமக்கே புதிது. ஹேவனை ஆண்டவர் யார்? மக்கள் குடியரசு என்று பெயர். ஆனால் ஆட்சி சில குடும்பங்கள் கையிலே! தந்தைக்குப் பின் மகன் என்று சட்டமன்றப் பதவி வழிவழியாக இறங்கும் முறை. அவர்கள் தங்கள் இருக்கையைக் காக்கவே படியை வீசினர். இருக்கையைக் காக்கவே போரையும் தொடுத்தனர். ஆசிரியர் தம் கையாலேயே அதை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் கதையின் வேகத்திலே வாசகன் கண்ணில் படுவது படி வாங்கும் ஏழை மட்டுமே.

குறிப்பேட்டிலே அவர் எழுதினார்: "அந்த நாட்டைக் கெடுத்தது படி அன்று, பிறப்பு." ஏவுகணைக் கணக்கு எழுதிப் பழகிய அவர், அந்தப் பக்கத்து ஓரத்திலே வேறொரு கணக்கையும் எழுதியிருந்தார். நாளொன்றுக்குத் தம் தாயார் வடிக்கும் அரிசியின் அளவு அது.

அந்த ஒரு வரி நமக்கு நூறு மதிப்புரைக்குச் சமம். பிறப்பு என்னும் திறவுகோலைக் கையில் எடுத்ததும், கதை முழுவதும் பூட்டுப் பூட்டாகத் திறந்தது. கடற்படைப் பள்ளியிலே கதைத்தலைவியிடம் முறைகேடாக நடக்க முயன்று அடிபட்டவன், ஒரு கோமகனின் மகன். பின்னர்ப் போர்க்களத்திலே அஞ்சி ஓடியவனும் அவனே. படைவழக்கு மன்றத்திலே அவன் தலை தப்பியது எதனால்? குடும்பச் செல்வாக்கினால்! இதையும் வெபரே எழுதினார். முடிக்குரியோர் பொதுமக்களிலிருந்தே துணையைத் தேர வேண்டும் என்று மாண்டிகோருக்கு ஒரு சட்டமும் வகுத்தார். பிறப்பின் தீமை அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் என்ன செய்தார்? பட்டமில்லாக் குடியிலே பிறந்த தலைவிக்கே பட்டத்தின்மேல் பட்டம் சூட்டி, கோமகளாக்கி, அந்த மேலவையிலேயே கொண்டுபோய் உட்காரவைத்தார்! ஏணியை உடைக்க வேண்டிய கையிலே ஏணியின் மேற்படியைக் கொடுத்துவிட்டார். நம் நாட்டிலும் இத்தகைய காட்சியை நாம் கண்டதில்லையா?

இதனால் நூலை எறிந்துவிடு என்கிறோமா? இல்லை. எறிவது எளிது, எரிப்பது அதனினும் எளிது. மாற்றுக் கருத்து ஒரு கதைக்கு என்ன செய்யும் என்பதற்கு இவ்வரிசையே நல்ல சான்று தருகிறது.

1805-இல் டிராபல்கர் கடற்போரிலே நெல்சன் வெற்றியோடு வீழ்ந்தான் அல்லவா? அவ்வாறே தம் தலைவியையும், 2005-இல் வந்த பதினோராம் நூலின் பெரும்போரிலே சாகவிடுவதென்று வெபர் முன்பே முடிவு செய்திருந்தார். அவள் சாகவில்லை. காப்பாற்றியது யார்? எரிக் பிளிண்ட் என்னும் எழுத்தாளர். தொழிற்சங்கப் பணியிலே பல ஆண்டு உழைத்த பொதுவுடைமையாளர், 2022-இல் மறைந்தார். வெபரின் உலகிலே கதை எழுத வந்த அவர், 2001-இல் வெளிவந்த தம் கதைக்கு ஒரு புது ஏற்பாட்டை வேண்டினார். மாண்டிகோரும் ஹேவனும் சேர்ந்து எதிர்க்கத்தக்க பொதுப் பகைவன் தேவை என்றார். மனிதரைக் கருவிலேயே வகைபிரித்து, விற்பனைக்கென்று வளர்த்து, நாவிலே எண் பொறித்து அனுப்பும் அடிமை வணிகக் கூட்டம் அப்பகைவன் ஆயிற்று. அவர் படைத்த நல்லவர்களுள் ஒருவன் ஹேவனின் உளவாளி. பகைநாட்டானுக்கும் நெஞ்சு உண்டு, நேர்மை உண்டு! பல ஆண்டு கழித்து வரவேண்டிய கதைத்திருப்பம் முன்னதாகவே வந்தது, கணக்கு மாறிற்று, தலைவி பிழைத்தாள். ஹேவனிலே கொடுங்கோல் முன்பே கவிழ்ந்து குடியரசு மீண்டிருந்தது. பகைநாடுகள் இரண்டும் கைகோத்தன.

எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேர் கைதட்டியதனால் நூல் பருத்தது. மாற்றுக் கருத்துடைய ஒருவர் உள்ளே வந்து அமர்ந்ததனால் நூல் விரிந்தது. 'எதிரி' என்று எழுதப்பட்ட இடத்திலே 'மனிதன்' என்று திருத்தம் விழுந்தது. பிறப்பால் தரம் பிரிப்பதே உண்மைப் பகை என்று கதை தன்னைத்தானே திருத்திக்கொண்டது. ஆனால், அந்த அடிமைகள் விடுதலை பெற்று அமைத்த புதுநாட்டுக்கும் ஓர் அரசியையே தேடிப் பிடித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். பழக்கம் அவ்வளவு கெட்டியானது!

ஆகவே, இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது. படியுங்கள். வானத்திலே போர் நடக்கட்டும், கடலிலே நடக்கட்டும், சோழன் வெல்லட்டும், விண்மீன் அரசி வெல்லட்டும், சுவைத்துப் படியுங்கள். ஆனால் 'உம்' கொட்டிக்கொண்டே போகாதீர்கள். இந்தப் போருக்குச் செலவு கொடுப்பவர் யார்? இறந்தவர் பெயர் எங்கே? இங்கே ஆளுகிறவர் தகுதியால் ஆளுகிறாரா, பிறப்பால் ஆளுகிறாரா? சோம்பேறி என்று கதை சுட்டிக்காட்டுகிறவர் வாயிருந்து பேசினால் என்ன பேசுவார்? இந்த நான்கு கேள்விகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். எந்த ஆசிரியரும் இதற்காகச் சினங்கொள்ள வேண்டியதில்லை. வாசகன் கேள்வி கேட்கிறான் என்றால், அவன் கதையை மதித்து வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்திருக்கிறான் என்றே பொருள்.

கருத்து எழுதும் குறிப்பேடு ஒன்றை உங்கள் ஊர்ப் படிப்பகத்திலும் வையுங்கள். விலை அதிகமில்லை. அதிலே பாராட்டு எழுதட்டும், பகடி எழுதட்டும், ஏவுகணைக் கணக்கும் எழுதட்டும். என்றேனும் ஒரு நாள், எவரேனும் ஓர் இளைஞர், கதை காட்டிய மணிமுடியைப் பார்க்காமல், தம் தாயார் வடித்த சோற்றைப் பார்த்து ஒரு வரி எழுதுவார். அந்த வரிக்காகவே அந்தக் குறிப்பேடு.